உரைகல்லும் இரத்தப் பரிசோதனையும்

ஆலயத்திற்குப் பொன் காணிக்கை வந்தால் பொற்கொல்லர் அதை உரைகல்லில் உரைத்துப் பார்ப்பார். அந்தக் கோடு ஒன்றைக் கொண்டே மாற்றுச் சொல்லிவிட முடியாது. மாற்றுத் தெரிந்த பொன் ஊசியையும் அருகில் உரைத்து ஒப்பிட்ட பிறகே சொல்வார். இரத்தத்தில் கலந்த பாதரசத்தை அளப்பதற்கும் இதுவே முறை.

இரத்தத்தில் பாதரசத்தை லிட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று கணக்கிடுவர். ஒரு மைக்ரோகிராம் என்பது கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. பாதரசமோ குப்பியின் சுவரில் ஒட்டும், ஆவியாகவும் போகும். ஆகவே கருவி காட்டும் எண்ணை அப்படியே நம்புவதற்கில்லை.

இதற்கென்றே அமெரிக்கத் தேசியத் தர, தொழில்நுட்பக் கழகம் ‘955சி’ என்னும் ஒப்பீட்டு மாதிரியை வெளியிட்டது. அது உறைய வைத்த ஆட்டு இரத்தம். அதிலுள்ள பாதரசம், ஈயம், காட்மியம் ஆகியவற்றின் அளவுக்குச் சான்றும் உண்டு. ஆய்வுக்கூடத்தார் இத்தகைய மாதிரியைத் தங்கள் கருவியில் அளப்பர். சான்றிலுள்ள அளவு வந்தால்தான் நோயாளிக்குச் சொல்லும் எண்ணும் நம்பத்தக்கது.

ஜப்பானின் மினமாட்டாவில் 1956-இல் வெளிப்பட்ட நோய், மெத்தில் பாதரசம் சேர்ந்த மீன்களை உண்டதால் வந்தது. நோய்க்குறி அதிகம் தெரியாத தாய்மாருக்கும் மூளை பாதித்த குழந்தைகள் பிறந்தன. சுறா போன்ற பெரிய மீனை அடிக்கடி உண்ணும் கர்ப்பிணிக்கும், பாதரசம் கலந்த முகப்பூச்சைப் பூசியவருக்கும் தவறான எண் வீண் அச்சத்தையோ பொய்யான நிம்மதியையோ தந்துவிடும்.

மருத்துவக் கருவிகளுக்கு நிதி வழங்கும் அன்பர்கள், அவற்றைச் சரிபார்க்கும் மாதிரிகளுக்கும் ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்குவது நலம். உரைகல்லை வாங்கிக் கொடுத்துவிட்டு ஊசியை மறந்துவிடலாகாது.