மூன்றணாவும் பதினைந்தணாவும்: 1963இல் மக்களவையில் நடந்த ஒரு கணக்கு வழக்கு

பொதுப்பணம் ஆள்வோரிடம் ஒப்படைக்கப்பட்ட ஓர் அமானிதம். அமானிதம் என்றால் அதற்குக் கணக்கு உண்டு. கணக்கு என்றால் அதைக் கேட்பதற்கு ஒருவர் இருக்க வேண்டும். நமது அரசியல் சாசனம் இக்கடமையை நாடாளுமன்றத்திடம் அளித்திருக்கிறது. சட்டத்தின் வழியே ஒதுக்கப்பட்டாலன்றி இந்தியத் தொகுப்பு நிதியிலிருந்து ஒரு காசும் எடுக்கலாகாது என்பது 114ஆம் பிரிவு வகுத்துள்ள விதி. ஆயினும் அவையில் பெரும்பான்மை எப்போதும் அரசின் பக்கமே இருக்கிறது. கேட்டதெல்லாம் கொடுப்பதற்குப் பெரும்பான்மை அணியமாக இருக்கும்போது, கணக்குக் கேட்கும் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரால் என்னதான் செய்துவிட முடியும்? வாக்கெடுப்பில் தோற்பது உறுதி என்றறிந்த பின்னரும் அவர் எழுந்து நின்று பேசுவதில் பயன் யாது?

இவ்வினாவுக்கு விடைதேட நாம் 1963ஆம் ஆண்டு மக்களவைக்குச் செல்வோம். வடநாட்டு அரசியலில் இன்றளவும் 'தீன் ஆனா' விவாதம் என்று நினைவுகூரப்படும் மூன்றணா விவாதம் அங்குதான் நிகழ்ந்தது.

சூழல்

1962ஆம் ஆண்டின் சீனப் போர் ஜவஹர்லால் நேரு அரசின் செல்வாக்கைப் பெரிதும் குலைத்திருந்தது. அடுத்த ஆண்டு நடைபெற்ற இடைத்தேர்தல்களில் எதிரணித் தலைவர்கள் மூவர் மக்களவைக்குள் நுழைந்தனர். காங்கிரஸின் முன்னாள் தலைவரான ஆச்சார்ய கிருபளானி அம்ரோஹாவிலும், சுதந்திரா கட்சியின் மினு மசானி ராஜ்கோட்டிலும், சோசலிஸ்டுத் தலைவர் டாக்டர் ராம் மனோகர் லோகியா ஃபருக்காபாத்திலும் வென்றனர். லோகியா அதற்கு முந்தைய ஆண்டுப் பொதுத்தேர்தலில் பூல்பூர் தொகுதியில் நேருவையே எதிர்த்து நின்று தோற்றவர்; உப்பு வரி குறித்து ஆராய்ந்து பெர்லினில் முனைவர் பட்டம் பெற்றவர். ஏழையின் உப்பிலிருந்து அரசு எவ்வளவு எடுக்கிறது என்ற ஆராய்ச்சியோடு அறிவுலகில் அடியெடுத்து வைத்த ஒருவர், ஏழையின் நாள் வருமானம் எவ்வளவு என்ற கேள்வியோடு அவைக்குள் வந்தது பொருத்தமானதே எனலாம்.

1963 ஆகஸ்டில் கிருபளானி, விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை முன்மொழிந்தார். நான்கு நாட்கள் விவாதம் நடந்தது. லோகியா அதில் இந்தியில் உரையாற்றினார்.

இரண்டு எண்கள்

லோகியாவின் குற்றச்சாட்டு மிக எளிமையானது. நாட்டு மக்களில் 27 கோடிப் பேர், அதாவது ஏறத்தாழ அறுபது விழுக்காட்டினர், நாளொன்றுக்கு மூன்றணாவில் காலம் தள்ளுகின்றனர். அதே நாட்டில் பிரதமர் ஒருவருக்காக நாள்தோறும் 25,000 ரூபாய் செலவாகிறது என்பதே அது. பதினாறு அணா ஒரு ரூபாய். 1957இலேயே தசம நாணயம் வந்துவிட்டபோதிலும் மக்கள் வழக்கில் அணா மறையவில்லை. மூன்றணா என்பது பத்தொன்பது காசுக்குச் சற்றுக் குறைவு.

பிரதமர் நேரு இதனை மறுத்தார். திட்டக் குழுவின் புள்ளிவிவரங்களின்படி அது மூன்றணா அன்று, பதினைந்தணா என்றார். லோகியாவோ விடவில்லை. பதினைந்தணா என்பது செல்வந்தரையும் வறியவரையும் ஒன்றாகச் சேர்த்து வகுத்த சராசரி. தாம் கேட்பது கீழே உள்ள அறுபது விழுக்காட்டினரின் நிலை என்பது அவருடைய வாதம்.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று நோக்க வேண்டும். பத்து வீடுகள் உள்ள ஒரு தெருவை எண்ணிக்கொள்வோம். ஒன்பது வீடுகளில் நாள் வருமானம் மூன்றணா. பத்தாவது வீட்டில் நூற்று இருபத்து மூன்று அணா. அத்தெருவின் சராசரி வருமானத்தைக் கணக்கிட்டால் வீட்டுக்குப் பதினைந்தணா வரும்! கூட்டலிலோ வகுத்தலிலோ பிழையில்லை. எனினும் பதினைந்தணா பெறும் வீடு அத்தெருவில் ஒன்றுகூட இல்லை. சராசரி பொய்யுரைப்பதில்லை, ஆனால் கேட்கப்படாத கேள்விக்கு விடையளிக்கிறது. லோகியா அவையில் சுட்டிக்காட்டியது இந்த நுட்பத்தைத்தான்.

ஏழரையணா

விவாதம் அத்துடன் ஓயவில்லை. செப்டம்பரில் இந்தப் பொருள் குறித்து அவை தனியே விவாதித்தது. அரசின் தரப்பில் குல்சாரிலால் நந்தா முன்வைத்த எண் ஏழரையணா. அது மூன்றணாவின் இருமடங்குக்கும் மேல். எனவே லோகியாவின் கணக்கு தவறு என்று அரசுத் தரப்பு கொள்ள இடமிருந்தது. ஆனால் அது பிரதமர் கூறிய பதினைந்தணாவில் சரிபாதி! விவாதத்தின் நோக்கில் இதுவே முதன்மையான செய்தி. எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரின் விடாப்பிடியான கேள்வி, அரசைச் சராசரியிலிருந்து இறக்கிக் கீழ்த்தட்டு மக்களின் கணக்குக்குக் கொண்டுவந்துவிட்டது.

மற்றொரு ஒப்பீட்டையும் நாம் செய்து பார்க்கலாம். 1962ஆம் ஆண்டு திட்டக் குழுவின் சார்பில் கூடிய வல்லுநர் குழு, 1960–61ஆம் ஆண்டு விலைவாசியில் ஒருவர் உயிர்வாழக் குறைந்தபட்சம் மாதம் 20 ரூபாய் தேவை என்று மதிப்பிட்டிருந்தது. கல்விச் செலவும் மருத்துவச் செலவும் அதில் சேரவில்லை. அவற்றை அரசு ஏற்கும் என்று கொள்ளப்பட்டது. முப்பது நாள் மாதத்துக்குக் கணக்கிட்டால் 20 ரூபாய் என்பது நாளொன்றுக்கு ஏறத்தாழப் பத்தரை அணா. மூன்றணா என்பது மாதத்துக்கு ஐந்தரை ரூபாய்க்குச் சற்று மேல். ஏழரையணா என்பது மாதத்துக்குப் பதினான்கு ரூபாய். ஆக, லோகியாவை மறுக்க அரசு எடுத்த எண்ணே, அரசின் வல்லுநர்கள் வகுத்த குறைந்தபட்ச வரம்புக்குக் கீழே நின்றது.

லோகியாவின் மூன்றணா மிகைப்படுத்தப்பட்ட வறுமைக் கணக்கு என்று கூறுவோர் உண்டு. அது முற்றிலும் தவறான கருத்தன்று. 27 கோடிப் பேருக்கும் பொருந்தும் எண்ணாக அதைக் கொள்வது கடினம். பின்னர் 1971இல் தண்டேகரும் ராத்தும் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு, 1960–61இல் கிராமப்புற மக்களில் சுமார் 40 விழுக்காட்டினரும் நகர்ப்புற மக்களில் சுமார் 50 விழுக்காட்டினரும் போதிய உணவுக்கும் வழியின்றி இருந்ததாக மதிப்பிட்டது. எண்ணில் லோகியா பிழைபட்டிருக்கலாம். எங்கே அளக்க வேண்டும் என்பதில் அவர் பிழைபடவில்லை.

நேருவுக்கும் நாம் நீதி செய்தாக வேண்டும். இரண்டு ஐந்தாண்டுத் திட்டங்களால் உயர்ந்த வருமானம் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்ற வினாவை 1960ஆம் ஆண்டிலேயே மக்களவையில் எழுப்பியவர் அவர். அதையொட்டியே மஹலனோபிஸ் தலைமையில் குழு அமைந்தது; அதன் அறிக்கையின் முதற்பகுதி 1964இல் வெளிவந்தது. வினாவை அரசே அறிந்திருந்தது. அதற்கான விடையை அவையின் நடுவே, நாடறியச் சொல்ல வைக்கத்தான் ஓர் எதிர்க்கட்சி உறுப்பினர் தேவைப்பட்டார்.

தோல்வியின் பயன்

நம்பிக்கையில்லாத் தீர்மானம் தோற்றது. ஆதரவாக 62 வாக்குகள், எதிராக 347. அரசுக்கு எள்ளளவும் ஆபத்து நேரவில்லை. ஆனால் அவைக் குறிப்பேட்டில் மூன்றணா, பதினைந்தணா, ஏழரையணா ஆகிய மூன்று எண்களும் பதிவாகிவிட்டன. அரசு ஓர் எண்ணைச் சொல்லிவிட்டால், அதன்பின் அதுவே அரசை அளக்கும் கோல் ஆகிவிடுகிறது. எதிர்க்கட்சி உறுப்பினரின் வலிமை இங்குதான் இருக்கிறது என்பது நம் கருத்து. வாக்குகளைப் பெரும்பான்மை எண்ணிக்கொள்ளட்டும். எண்களைச் சொல்லவைப்பது சிறுபான்மையின் வேலை.

கணக்குக் கேட்கும் கருவிகள்

இப்பணிக்கென நாடாளுமன்ற மரபு சில கருவிகளை வைத்திருக்கிறது. கேள்வி நேரம் அவற்றுள் முதன்மையானது. அடுத்தது வெட்டுத் தீர்மானம். ஓர் அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையை ஒரு ரூபாயாகக் குறைக்கும்படி கோரினால், அத்துறையின் கொள்கையையே ஏற்கவில்லை என்று பொருள். குறிப்பிட்ட தொகையைக் குறைக்கும்படி கோருவது சிக்கனத்துக்காக. நூறு ரூபாய் மட்டும் குறைக்கக் கோருவது, ஒரு குறிப்பிட்ட குறையை அவையின் கவனத்துக்குக் கொண்டுவருவதற்காக. இவை நிறைவேறுவது அரிது. ஆயினும் அமைச்சரை விடைசொல்ல வைக்க உதவுகின்றன.

இவை செலவுக்கு முன்பு கேட்பவை. செலவான பின்பு கேட்பது பொதுக்கணக்குக் குழு. தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கைகளை இக்குழு ஆராய்கிறது. அமைச்சர் எவரும் இதில் உறுப்பினராக முடியாது. 1921இலேயே இதன் வரலாறு தொடங்கிவிட்டபோதிலும், எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் இதன் தலைவரானது 1967இல்தான். அவ்வாறு முதன்முதலில் அமர்ந்தவர், 1963 இடைத்தேர்தலில் லோகியாவோடு அவைக்கு வந்த மினு மசானி! கணக்குக் கேட்போனிடமே கணக்குப் புத்தகத்தைக் கொடுக்கும் நன்மரபு அவரிலிருந்து தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் லோகியா மறைந்தார்.

கருவி துருப்பிடிக்கும்போது

கருவிகள் இருந்தால் மட்டும் போதுமா? மானியக் கோரிக்கைகளுக்கென ஒதுக்கிய காலம் முடிந்ததும், பேசப்படாமல் எஞ்சியவை அனைத்தும் ஒரே மூச்சில் வாக்கெடுப்புக்கு விடப்படுகின்றன. 'கில்லட்டின்' என்று இதற்குப் பெயர். 2023 மார்ச் 23ஆம் நாள், இருதரப்பு அமளிக்கிடையே, சுமார் 45 லட்சம் கோடி ரூபாய் செலவுத் திட்டத்தை மக்களவை விவாதமே இன்றி நிறைவேற்றியது. எந்தத் தரப்பின் குற்றம் பெரிது என்ற வழக்கை நாம் இங்கு எடுக்கவில்லை. எனினும் ஒன்று தெளிவு: கூச்சலால் அவை முடங்கும் நாளில் கணக்குக் கொடுக்கும் சுமையிலிருந்து விடுபடுவது அரசே. விவாதத்தை மறுக்கும் ஆளுங்கட்சியும் விவாதத்தைக் கைவிடும் எதிர்க்கட்சியும் ஈற்றில் ஒரே விளைவைத்தான் தருகின்றன.

லோகியா அவையை முடக்கி அந்த ஏழரையணாவைப் பெறவில்லை, பேசிப் பெற்றார். அவரிடம் இருந்தது ஓர் எண். அது குறையுடைய எண். ஆனால் மறுக்க வேண்டுமானால் மற்றொரு எண்ணைச் சொல்லியே தீரவேண்டும் என்ற நிலையை அது அரசுக்கு உண்டாக்கியது. நாம் நமது பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும்போதும், அவர்தம் பணியை மதிப்பிடும்போதும் கேட்கவேண்டிய கேள்வி இதுவே: இவர் எத்தனை முறை முழங்கினார் என்பதன்று, எத்தனை எண்களை அரசின் வாயிலிருந்து வரவழைத்தார் என்பதே.