அவையில் ஒலித்த அங்கதம்

பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரில் இயங்கிய கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டன. கி.பி. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாகூர்ச் செப்பேடு இதனைத் தெரிவிக்கிறது. கல்வியைப் போலவே கவிதையும் அரசரின் கொடையால் வளர்ந்தது. அவ்வாறாயின், கொடுப்பவரின் குறையைப் புலவரால் எடுத்துரைக்க முடிந்ததா? முடிந்தது, அதற்கு அவர்கள் கையாண்ட கருவியே அங்கதம்.

வசையை வெளிப்படையாகக் கூறுவது செம்பொருள் அங்கதம். மறைத்துக் கூறுவது பழிகரப்பு அங்கதம் எனத் தொல்காப்பியம் வகைப்படுத்துகிறது. அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், அவன் பெருமையோடு காட்டிய படைக்கலங்களைப் புகழ்வது போலப் பழித்தார். அவை அணிசெய்யப்பட்டுப் புதுமை குன்றாமல் இருக்கின்றன; அதியமானின் வேல்களோ போரில் சிதைந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்றார். புறநானூற்றின் 95ஆம் பாடல் இது. போர்ப் பயிற்சியற்ற செருக்கு அங்கே நகைப்புக்கு உள்ளாயிற்று.

அரபு இலக்கியத்திலும் 'ஹிஜா' என்னும் வசைக்கவி மரபு செழித்திருந்தது. 10ஆம் நூற்றாண்டுக் கவிஞர் முத்தனப்பி, எகிப்தை ஆண்ட காஃபூரை முதலில் புகழ்ந்து பாடினார். எதிர்பார்த்த பதவி கிட்டாமையால் அந்நாட்டைவிட்டு வெளியேறி, அவரை இகழ்ந்து பாடினார். காஃபூர் அடிமையாக இருந்து உயர்ந்தவர். அந்தப் பிறப்பு நிலையையே கவிஞர் எள்ளினார். கவித்திறம் மிக்கதாயினும், அது சமூகக் குறையைத் திருத்தும் அங்கதம் ஆகாது.

இன்று காரைக்கால் பகுதியில் உள்ள திருமலைராயன்பட்டினத்தில், அரசவைப் புலவர்கள் காளமேகப் புலவரை அவமதித்ததாகவும், அவர் அவ்வூர் மண்மாரியால் அழியப் பாடியதாகவும் செவிவழிக் கதை கூறுகிறது. புலவரின் சொல்லுக்கு ஆட்சியாளரும் அஞ்ச வேண்டும் என்னும் மக்கள் நம்பிக்கையை இக்கதை காட்டுகிறது.

எட்டயபுரம் அரண்மனையில் பணியாற்றிய பாரதியார், புதுச்சேரியில் வாழ்ந்த காலத்தில் (1908–1918) 'சின்னச் சங்கரன் கதை' என்னும் உரைநடை அங்கதத்தை எழுதினார். வெற்றுப் பட்டங்களில் மகிழும் ஜமீன்தாரும் அவரைத் துதித்துப் பிழைக்கும் புலவர்களும் அதில் நகைப்புக்குரியவராயினர். பாரதியார் சாடியது ஒருவருடைய பிறப்பை அன்று. புகழ்ச்சியை விலைக்கு வாங்கும் அவை வாழ்க்கையையே.

எனவே, அங்கதத்தின் தகுதியை அதன் கூர்மையைக் கொண்டு மட்டும் அளத்தல் கூடாது. அது எதனைக் குத்துகிறது என்பதையும் நோக்க வேண்டும். எளியவரின் பிறப்பையும் தோற்றத்தையும் இகழ்வது வெறும் வசை. அதிகாரத்தின் பிழையை நகைப்பால் உணர்த்துவதே சமூக விமரிசனம்.