பஸ் ஏறினால் சீனியும் ஏறும்

பசறையிலிருந்து பதுளைக்குப் போகும் பாதையில் வளைவுகளுக்குப் பஞ்சமில்லை. ஒரு பூனையை அட்டைப் பெட்டிக்குள் போட்டு, மூடியில் துளையிட்டு, சன நெரிசலுக்குள் மடியில் வைத்துக்கொண்டு போய் மிருக வைத்தியரின் மேசையில் இறக்குகிறீர்கள். குருதியில் குளுக்கோசு டெசிலீற்றருக்கு 250 மில்லிகிராம் காட்டுகிறது. மனிதருக்கென்றால் அப்போதே கிளினிக் கொப்பி போட்டுவிடுவார்கள். பூனைக்கு அது நீரிழிவு நோயாகவும் இருக்கலாம், வெறும் பயமாகவும் இருக்கலாம்.

பயந்த உடம்பில் அதிரினலின் சுரக்கும். ஈரல், சேர்த்து வைத்த குளுக்கோசை அவிழ்த்துவிடும். மற்ற விலங்குகளுக்கும் இது நடப்பதுதான். பூனையிடம் அளவு மிஞ்சிப் போகிறது. நோயே இல்லாத பூனை 300ஐத் தொடுவதும் உண்டு. அதனால்தான் வைத்தியர்கள் புருக்டோசமைன் என்ற பரிசோதனையையும் கேட்கிறார்கள். குருதிப் புரதத்தில் ஒட்டிக்கொண்ட சீனியின் அளவு அது. கடந்த இரண்டு வாரக் கதையைச் சொல்லும். ஒரு பஸ் பயணத்துக்கு அசையாது. கூடவே வீட்டிலே கண்டதையும் சொல்ல வேண்டும்: தண்ணீர்ச் சட்டியை விட்டு நகராமை, ஓயாமல் சிறுநீர், நன்றாகத் தின்றும் மெலிவு. முற்றினால் பின்னங்காலில் குதி நிலத்தில் படிய நடக்கும். நரம்பு பழுதாவதன் அடையாளம் அது.

லயத்துப் பூனைக்குச் சோறும் கருவாடும்தானே போட்டோம், ஒன்றும் வரவில்லையே என்பார்கள். அந்தப் பூனைகள் பாதி வயிற்றை எலியால் நிரப்பிக்கொண்டவை. நாள் முழுக்க ஓடித் திரிந்தவை. நோய் அதிகம் தேடி வருவது, நலமடித்து, வீட்டோடு கிடந்து கொழுத்த, வயது போன கடுவன்களைத்தான். பூனை முழு மாமிச உண்ணி. இனிப்பை உணரும் பரம்பரையலகு அதற்குப் பழுதாகிக் கிடக்கிறது என்று 2005இல் கண்டுபிடித்தார்கள். குளுக்கோசு திடீரென்று கூடினால் அதைப் பிடித்து வைக்கும் நொதியமும் அதன் ஈரலில் மிகக் குறைவு. இன்னொன்று: நீரிழிவு வந்த மனிதரின் சதையியில் படியும் அமிலோயிட் என்ற புரதக் கசடு பூனையின் சதையியிலும் படிகிறது, சாதாரண எலியில் படிவதில்லை. ஆய்வுகூடம் எலியைக் கொண்டாடினாலும், இந்த வியாதியில் நமக்குக் கிட்டிய சொந்தம் பூனைதான்.

நோய் உறுதியானால் இன்சுலின் வழக்கமாக 12 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் ஒரு யூனிட்டில் தொடங்குவார்கள். காலை ஆறு, மாலை ஆறு. வேலைக்குப் போகுமுன் ஒன்று, திரும்பி வந்து ஒன்று. தோட்ட வாழ்க்கைக்குத் தோதான கணக்குத்தான். ஆனால் ஊசி போட்ட சில மணி நேரத்தில் சீனி அடிமட்டத்துக்கு இறங்கும். அது நடுப்பகல். எல்லோரும் கொழுந்து மலையில் நிற்க, பூட்டிய வீட்டில் பூனை மட்டும் இருக்கும் நேரம். காலையில் எண் கூடத் தெரிகிறதே என்று நீங்களாக அளவைக் கூட்டினால், தண்டனை அந்த நேரத்தில்தான் வரும். ஆகவே வேலையில்லாத ஒரு நாளில், காலை ஊசிக்கு முன் தொடங்கி இரண்டு மணிக்கொருதரம் மாலைவரை சோதித்து எழுதி, அந்தத் தாளை வைத்தியரிடம் காட்ட வேண்டும். அளவை மாற்றுவது அவர் வேலை.

சோதிப்பது காதில். காதை உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கி, ஓரத்து நாளத்துக்குப் பக்கத்தில் ஒரு குத்து. சிறு துளி போதும். பூனை உங்கள் மடியில் இருப்பதால் பயத்தின் கணக்கு இதில் சேராது. பதுளை போய் எடுக்கும் எண்ணைவிட இது நம்பகமானது என்பேன். வீட்டில் நீரிழிவுள்ள பாட்டியின் மீற்றரையே எடுக்கலாமா? எடுக்கலாம், ஆனால் அது மனிதக் குருதிக்குச் செய்தது. நம் குருதியில் குளுக்கோசின் 42 வீதம் செங்குழியங்களுக்குள் இருக்கும். பூனையில் 7 வீதம்தான். அதனால் மனித மீற்றர் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். எந்த மீற்றரில் எடுத்தீர்கள் என்பதையும் தாளில் எழுதுங்கள்; பாதியில் மாற்றாதீர்கள்.

அரசாங்க கிளினிக்கில் பாட்டிக்கு இலவசமாகக் கிடைக்கும் இன்சுலின் குப்பியை மட்டும் தொட வேண்டாம். அது கலவை இன்சுலினாக இருந்தால் வேகமாக இறக்கிவிடும். சிறிஞ்சிலும் சிக்கல் உண்டு. விலங்குக்கான இன்சுலின் பல மில்லிலீற்றருக்கு 40 யூனிட், அதன் சிறிஞ்ச் மூடி சிவப்பு. மனித இன்சுலின் 100 யூனிட், மூடி செம்மஞ்சள். நூறை நாற்பதின் சிறிஞ்சில் இழுத்தால் ஒரு யூனிட் என்று நினைத்தது இரண்டரை யூனிட்டாகிப் போகும். குப்பியைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் வைக்கலாம், உறைய விடக்கூடாது. அடுப்புக்கு மேலே உள்ள தட்டு ஆகவே ஆகாது.

நோயைத் தொடக்கத்திலேயே பிடித்து, மாப்பொருள் குறைந்த சாப்பாடும் கொடுத்தால், சில பூனைகளுக்குச் சில மாதங்களில் இன்சுலினே தேவைப்படாமல் போகிறது. சதையி மீண்டும் சுரக்கத் தொடங்கும்போது பழைய ஒரு யூனிட்டும் கூடுதலாகிவிடும். சோதிக்காமல் ஊசி போடும் வீட்டில் இந்த நல்ல செய்தி வலிப்பாக வந்து சேரும். தள்ளாட்டம், நடுக்கம், வெறித்த பார்வை கண்டால், 60க்குக் கீழே எண் தெரிந்தால், அடுத்த ஊசி இல்லை. விழுங்கக்கூடிய நிலையென்றால் உடனே சாப்பாடு. மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாமல், குளுக்கோசுக் கரைசலையோ தேனையோ விரலால் ஈறில் தடவி, வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்துக்கொண்டே புறப்படுங்கள். அன்றைக்கு பஸ்ஸில் சீனி ஏறினால் ஏறட்டும்.