பத்து டன் பாறை, ஒரு பவுன் தங்கம்

கோலார் தங்கவயலில் தங்கத்தைத் தேடித்தான் பூமிக்குள் இறங்கினார்கள். மெல்லிய குவார்ட்ஸ் நரம்பைப் பிடித்துக்கொண்டு மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனார்கள். இப்போது போகப்போகும் இடத்தில் அப்படி நரம்பு எதுவும் கிடையாது. இந்தோனேசியாவின் கிழக்குக் கோடியில், பப்புவாவின் உச்சி மலைகளில் இருக்கிறது கிராஸ்பெர்க் சுரங்கம். உலகின் மிகப்பெரிய தங்கச் சுரங்கங்களில் ஒன்று, தாமிரத்திலும் அப்படியே. சுமார் முப்பது லட்சம் ஆண்டுகளுக்கு முன் கீழிருந்து பொங்கி வந்த பாறைக்குழம்பும் வெந்நீரும் அந்த மலைக்குள் தாமிரத்தையும் தங்கத்தையும் பொடிப்பொடியாகத் தூவிவிட்டுப் போயின. எங்கே கை வைத்தாலும் கொஞ்சம் இருக்கிறது, எங்கேயும் நிறைய இல்லை. ஆகவே மலையையே எடுத்தாக வேண்டும்.

எவ்வளவு கொஞ்சம்? தோராயமாக, ஒரு டன் பாறையில் பத்து கிலோ தாமிரம், ஒரு கிராம் தங்கம். ஆலையில் வீணாவதைக் கழித்தால் பத்து டன் பாறைக்கு எட்டு கிராம் தங்கம் தேறும். நம் கணக்கில் ஒரு பவுன். கூடவே தொண்ணூறு கிலோ தாமிரமும் கிடைக்கும். இந்தப் பத்து டன் எங்கிருந்து கிளம்பி எங்கெல்லாம் போகிறது என்று கூடவே நடந்து பார்ப்போம்.

1936இல் ழான் ழாக் டோஸி என்ற டச்சு நிலவியலாளர் கார்ஸ்டென்ஸ் சிகரப் பகுதிக்கு மலையேறப் போனார். வழியில் புல்வெளிக்கு நடுவே கறுப்பாக நிமிர்ந்து நின்ற ஒரு பாறைமேட்டைப் பார்த்தார். தாமிரம் செறிந்த அந்த மேட்டுக்கு எர்ட்ஸ்பெர்க், அதாவது தாது மலை, என்று பெயர் வைத்தார். 1939இல் அவருடைய அறிக்கை வெளியானது. உலகப் போர் வந்தது. அறிக்கை அலமாரிக்குள் போனது. இருபது ஆண்டுகள் கழித்து அது கண்ணில் பட, 1960இல் ஃப்ரீபோர்ட் நிறுவனத்தின் ஃபோர்ப்ஸ் வில்சன் காட்டைக் கடந்து அங்கே போய்ச் சேர்ந்தார். 1967இல் சுகார்த்தோ அரசு நிறுவனத்துடன் ஒப்பந்தம் போட்டது. மேற்குப் பப்புவா யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியே முடிவாகாத காலம் அது. பொறுக்கி எடுத்த ஆயிரம் பேரை மட்டும் வைத்து நடத்திய 'வாக்கெடுப்பு' 1969இல்தான் நடந்தது. அந்த மலையைத் தங்கள் தாயின் தலையாகக் கருதும் அமுங்மே மக்களை, அதைத் தோண்டலாமா என்று எவரும் கேட்கவில்லை. இந்தச் சுரங்கத்தைப் பற்றிய எந்தப் பேச்சும் இந்த உண்மையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம்.

எர்ட்ஸ்பெர்க்கை வெட்டித் தீர்த்தார்கள். மேடு இருந்த இடம் பள்ளமாகி, தண்ணீர் நின்று ஏரியாகிவிட்டது. 1988இல், சில கிலோமீட்டர் தள்ளி, கடல் மட்டத்துக்கு நான்காயிரம் மீட்டர் உயரத்தில் இருந்த கிராஸ்பெர்க் என்ற புல் மலைக்குள் அதைவிடப் பன்மடங்கு பெரிய தாதுத்திரள் இருப்பது தெரிந்தது. 2019 வரை அதைத் திறந்தவெளியில் வெட்டினார்கள். படிப்படியாகக் கீழிறங்கும் குழி இரண்டு கிலோமீட்டருக்கும் அதிக அகலத்துக்கு விரிந்தது. அதற்கு மேல் ஆழப்படுத்தினால் தாதுவைவிட ஒதுக்க வேண்டிய வெறும் பாறையே அதிகமாகிவிடும் என்ற நிலை வந்தபோது, வேலையை நிலத்துக்குக் கீழே கொண்டுபோனார்கள்.

நம் பத்து டன் இப்போது அங்கிருந்துதான் வருகிறது. அது வரும் விதம் வியப்பானது.

கோலாரில் ஒவ்வோர் அடியையும் துளையிட்டு, வெடி வைத்து, அள்ளினார்கள். இங்கே தாதுவின் பெரும்பகுதிக்கு வெடியே வைப்பதில்லை. தாதுத்திரளின் அடிக்குப் போய், அங்கே மட்டும் ஒரு தளம் முழுக்க வெடித்துத் தாங்குபாறையைப் பறித்துவிடுகிறார்கள். அடி வெறுமையானதும், மேலே நிற்கும் பல நூறு மீட்டர் பாறை தன் எடையாலேயே விரிசல் விட்டு உடைந்து இறங்கத் தொடங்குகிறது. கீழே வரிசை வரிசையாகப் புனல் வடிவத் திறப்புகளை வெட்டி வைத்திருப்பார்கள். குதிரின் அடியில் இருக்கும் துளையைத் திறந்தால் நெல் தானாகச் சரிந்து வருவதைப் போல, அந்தத் திறப்புகளில் உடைந்த பாறை வந்து குவியும். குட்டையான உருவமுள்ள அள்ளு வண்டிகள் அதை வாரிச் செங்குத்துத் துளைகளில் கொட்டுகின்றன. கீழே மின்சார ரயில்கள் ஏற்றிக்கொண்டு உடைப்பானுக்கு ஓடுகின்றன. அள்ள அள்ள மேலே உடைந்துகொண்டே இருக்கும். ஒரே திறப்பில் அதிகமாக அள்ளிவிடக் கூடாது. அள்ளினால் மேலிருக்கும் வெற்றுப் பாறை குழாய் போல இறங்கித் தாதுவோடு கலந்துவிடும். எந்தத் திறப்பில் இன்று எத்தனை டன் என்று கணக்குப் போட்டு, மொத்தக் கூரையையும் சீராக இறக்குவதுதான் இந்த முறையின் நுட்பம். ஒரு முறை அடியைத் தயாரித்துவிட்டால் டன்னுக்கு ஆகும் செலவு குறைவு. அதனால்தான் ஒரு கிராம் தங்கப் பாறைகூட லாபம் தருகிறது.

இதில் மனிதரால் முழுக்க அடக்க முடியாத ஒன்று தண்ணீர். கிராஸ்பெர்கில் மழையில்லாத நாள் அபூர்வம். கைவிட்ட பழைய குழி, புதிய சுரங்கத்தின் தலைக்கு மேலேயே ஒரு பெரிய பாத்தியாக நிற்கிறது. அதில் விழும் மழை நொறுங்கிய பாறைக்குள் ஊறி, பொடியோடு சேர்ந்து சேறாகிறது. ஈரம் மிகுந்த திறப்புகளில் ஓட்டுநரை வண்டியில் உட்கார வைப்பதில்லை. வேறோர் அறையில் இருந்தபடி திரையைப் பார்த்து வண்டியை இயக்குகிறார்கள். அப்படியும் 2025 செப்டம்பர் 8 அன்று ஏறத்தாழ எட்டு லட்சம் டன் ஈரச்சேறு திடீரெனக் கீழே பாய்ந்தது. ஏழு தொழிலாளர்கள் இறந்தார்கள். கடைசி ஐந்து பேரின் உடல்கள் கிடைக்க நான்கு வாரங்கள் ஆயின. 2013 மே மாதம் இதே வளாகத்தில், பாதுகாப்புப் பயிற்சி நடந்துகொண்டிருந்த சுரங்க வகுப்பறையின் கூரை விழுந்து 28 பேர் இறந்திருந்தார்கள். செலவு குறைந்த முறை என்று மேலே எழுதியபோது இந்தச் செலவை நான் சேர்க்கவில்லை. கம்பெனிக் கணக்குகளிலும் டன்னுக்கு இவ்வளவு என்று இது வருவதில்லை.

பாறை கிடைத்தாயிற்று. இனி அரவை. உடைப்பானில் கைப்பிடி அளவாகும் கல், ஆலைக்குள் வீடளவு பெரிய சுழலும் உருளைகளில் எஃகுக் குண்டுகளோடும் தண்ணீரோடும் சேர்ந்து புரள்கிறது. வெளியே வரும்போது மணலைவிட மெல்லிய துகள் கலந்த குழம்பு. ஆலையின் மின்சாரத்தில் பெரும்பங்கு இந்த அரவைக்கே போகிறது. ஏன் இவ்வளவு அரைக்க வேண்டும்? தாமிரக் கனிமத்தின் மணி பாறையோடு ஒட்டியிருக்கும் வரை அதைப் பிரிக்க வழியில்லை. மணி தனியாக வேண்டும். அதற்கு மேல் ஒரு சுற்று அரைத்தாலும் காசு வீண்.

அடுத்து வருவது, பிளஸ் டூ வேதியியலில் மதிப்பெண்ணுக்காக நாம் மனப்பாடம் செய்த நுரை மிதப்பு முறை. அந்தப் பாடத்தை நம்மில் பலர் படத்தோடு கடந்துவிட்டோம். ஆனால் தாமிரம் மலிவாக நம் வீட்டுச் சுவர்களுக்குள் கம்பியாக ஓடுவதற்கு இதுவே காரணம். குழம்பில் சாந்தேட் என்ற வேதிப்பொருளைக் கலக்கிறார்கள். கந்தகத்தோடு சேர்ந்த கனிமங்களின் மேற்பரப்பில் மட்டும் அது ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் அந்தத் துகளுக்குத் தண்ணீர் ஆகாது. தொட்டியின் அடியிலிருந்து காற்றை ஊதினால், தண்ணீர் பிடிக்காத துகள்கள் குமிழியைப் பற்றிக்கொண்டு மேலேறி நுரையாக வழிகின்றன. வெறும் பாறைத்துகள் நனைந்து அடியிலேயே தங்கிவிடுகிறது. கனமான உலோகத்தாது மிதக்கிறது, இலேசான கல் மூழ்குகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் பிரோக்கன் ஹில்லில், கழிவென்று ஒதுக்கிய குவியல்களிலிருந்து துத்தநாகத்தை எடுக்கப் பெரிய அளவில் கையாண்ட உத்தி இது. இது இல்லாவிட்டால் ஒரு சதவீதத் தாமிரமுள்ள பாறை வெறும் பாறைதான்.

தங்கத்துக்கு என்ன ஆகிறது? அதன் பெரும்பகுதி மிக நுண்ணிய மணிகளாகத் தாமிரக் கனிமத்தோடு ஒட்டியோ அதற்குள்ளோ இருக்கிறது. ஆகவே கூடவே மிதந்து வந்துவிடுகிறது. கோலாரில் பயன்படுத்திய சயனைடு இந்த வழிக்குத் தேவையில்லை. சிக்கல் இரும்புப் பைரைட்டால் வருகிறது. அதுவும் கந்தகக் கனிமம்; அதுவும் மிதக்கத் துடிக்கும். அதைச் சேர்த்துக்கொண்டால் தாமிரத்தின் செறிவு குறையும், உருக்காலை விலையைக் குறைக்கும். எனவே சுண்ணாம்பு கலந்து குழம்பின் காரத்தன்மையை உயர்த்திப் பைரைட்டை அமுக்கிவிடுகிறார்கள். பைரைட்டோடு ஒட்டியிருந்த தங்கமும் சேர்ந்து மூழ்கிப்போகிறது.

பத்து டன்னில் நுரையாக வழிந்து தேறுவது முந்நூற்றைம்பது கிலோ, மிஞ்சினால் நானூறு. நாலில் ஒரு பங்கு தாமிரம் கொண்ட அந்த அடர்தாதுக் குழம்பு, மலையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் குழாயில் இறங்கி அரபுரா கடலோரத்து அமாமபாரே துறைமுகத்துக்கு வருகிறது. அங்கே நீரை வடித்து, உலர்த்தி, கறுத்த பொடியாகக் கப்பலில் ஏற்றுகிறார்கள். நீண்ட காலம் அதில் பெரும்பகுதி ஜப்பான், ஸ்பெயின், இந்தியா என்று வெளிநாட்டு உருக்காலைகளுக்குப் போனது. உள்நாட்டிலேயே உருக்க வேண்டும் என்று ஜகார்த்தா இறுக்கிப் பிடித்த பிறகு கிழக்கு ஜாவாவின் கிரேசிக் நகருக்கு மையம் மாறிவருகிறது.

உலையில் கந்தகம் எரிந்து வாயுவாகிறது. அதைப் பிடித்துக் கந்தக அமிலமாக்கிப் பக்கத்து உர ஆலைக்குக் கொடுக்கிறார்கள். இரும்பு கசடாகப் பிரிகிறது. எஞ்சும் கொப்புளத் தாமிரத்தைத் தூய்மைப்படுத்தித் தகடுகளாக வார்த்து, அமிலத் தொட்டியில் நேர்மின்வாயாகத் தொங்கவிடுகிறார்கள். குறைந்த மின்னழுத்தம், நாள்கணக்கான பொறுமை. தாமிரம் கரைந்து எதிர்ப்பக்கத் தகட்டில் 99.99 சதவீதத் தூய்மையோடு படிகிறது. அந்த மின்னழுத்தத்தில் தங்கம் கரையாது, வெள்ளியும் கரையாது. தகடு தேயத் தேய அவை கறுப்புச் சேறாகத் தொட்டியின் அடியில் உதிர்ந்து சேர்கின்றன. நிறத்தையோ மினுக்கையோ அங்கே எவரும் பார்க்க முடியாது. அந்தச் சேற்றைச் சுத்திகரித்த பிறகுதான் நம் ஒரு பவுன் முதல்முறையாக மஞ்சளாகிறது.

மீதி ஒன்பதரை டன்னுக்கு மேல் இருக்கிறதே, அது?

அது ஆற்றில் போகிறது. ஆலையிலிருந்து வெளியேறும் கழிவுக் குழம்பை அகவாகோன், ஒத்தோமோனா, அய்க்வா ஆறுகள் சமவெளிக்குச் சுமந்து வருகின்றன. இரு பக்கமும் கரைகட்டி, சுமார் 230 சதுர கிலோமீட்டர் பரப்பில் அதைப் படியவிடுகிறார்கள். சாதாரண நாளில் இரண்டு லட்சம் டன் அளவில் இது நடக்கிறது. கரைகளுக்கு நடுவே இருந்த மழைக்காடு வேரில் மூச்சடைத்துப் பட்டுப்போனது. படியாத மென்துகள் கழிமுகம் வரை போகிறது. ஆற்றில் மீனும் சதுப்பில் சாகோவும் எடுத்து வாழ்ந்த கமோரோ மக்களின் நீர்வழிகள் மேடுதட்டிப் போயின. இந்தச் சேதத்தைக் காரணம் காட்டி நார்வே அரசின் ஓய்வூதிய நிதி 2006இல் ஃப்ரீபோர்ட் பங்குகளை விலக்கியது.

நிறுவனத்தின் பதில் எல்லோரும் அறிந்தது: நிலநடுக்கமும் பெருமழையும் உள்ள செங்குத்தான நிலத்தில் இவ்வளவு கழிவுக்கு அணை கட்டினால் அது உடையும், அரசின் அனுமதியோடுதான் ஆற்றைப் பயன்படுத்துகிறோம். அணை ஆபத்தானது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வாதம், இத்தனை டன்னை அங்கே எடுக்கத்தான் வேண்டுமா என்ற கேள்விக்கு உரியது. எடுப்பது என்று முடிவெடுத்த பிறகு ஆற்றைத் தவிர வேறு வழியில்லை என்று சொல்வது, முடிவின் விலையைக் கீழே வசிப்பவர் தலையில் வைப்பதாகும்.

ஆலை தவறவிட்ட தங்கமும் இந்த ஆற்றில்தான் வருகிறது. ஐந்தில் ஒரு பங்கு என்றால் பத்து டன்னுக்கு இரண்டு கிராம். அதற்காக ஆயிரக்கணக்கானவர்கள் கழிவாற்றுக்குள் இறங்கி மண்ணை அலசுகிறார்கள். அமுங்மேக்களும் கமோரோக்களும் மட்டுமல்ல, பிற தீவுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்களும் அதில் உண்டு. சட்டப்படி அது குற்றம்.

2018 முதல் சுரங்கத்தில் 51 சதவீதத்துக்குச் சற்று மேல் இந்தோனேசிய அரசுத் தரப்பிடம் இருக்கிறது. இப்போதைய உரிமம் 2041 வரை. அதையும் தாண்டி நீட்டிக்க இரு தரப்பும் பேசிவந்திருக்கின்றன.