ஸ்வெட்டர் பொறியும் கூலூம் கணக்கும்

போன ஜனவரியில் ஒரு ராத்திரி. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் ப்ரீ-போர்டு விடைத்தாளைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தாள். பௌதிகத்தில் 70-க்கு 19. "எனக்கு இது வராதுப்பா" என்றாள். அவ்வளவுதான்.

தாளைப் புரட்டினேன். மின்விசை, மின்புலம், மின்னழுத்தம் ஆகியவற்றில்தான் பெரும் அடி. நான் திருநெல்வேலிப் பக்கத்தில் ப்ளஸ் டூ வரை தமிழில் படித்தவன். ஆங்கிலத்தில் பாடம் சொல்ல எனக்குக் கூச்சம். தமிழில் பாடம் என்றால் அவளுக்குச் சிரிப்பு. ஆகவே டில்லிக்கு வந்த இத்தனை வருடமும் டியூஷன் பணம் கட்டுவதோடு என் கடமை முடிந்தது. அன்றைக்கு வேறு வழியில்லை.

அவள் ஸ்வெட்டரைக் கழற்றியபோது பட்பட்டென்று பொறி பறந்தது. அதையே பிடித்துக்கொண்டேன். "உரசும்போது எலக்ட்ரான்கள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகின்றன. டில்லிக் குளிரில் காற்று வறண்டிருப்பதால் அந்த மின்னூட்டம் கசியாமல் தங்குகிறது. சென்னைப் புழுக்கத்தில் இவ்வளவு பொறி வராதும்மா." நிமிர்ந்து பார்த்தாள்.

பிறகு அவள் தவறவிட்ட கணக்கு. 20 செ.மீ. இடைவெளியில் இரண்டு மின்னூட்டங்கள், ஒவ்வொன்றும் +2 மைக்ரோகூலூம். கூலூம் 1785-ல் சொன்ன விதிப்படி, மின்னூட்டங்களைப் பெருக்கி, தூரத்தின் வர்க்கத்தால் வகுத்து, 9 × 10⁹ ஆல் பெருக்க வேண்டும். 0.9 நியூட்டன் வந்தது. அவள் செ.மீ.யை மீட்டராக்க மறந்திருந்தாள்.

அடுத்தது, நடுப்புள்ளியில் புலமும் அழுத்தமும் எவ்வளவு? இரண்டுக்கும் பூஜ்யம் என்று எழுதியிருந்தாள்.

"மின்புலம் கயிறு இழுக்கிற போட்டி. அதற்குத் திசை உண்டு. இரு பக்கமும் சம பலம் என்றால் கயிறு நகராது. ஆகவே புலம் பூஜ்யம். மின்னழுத்தம் பாங்க் பாஸ்புக். அதற்குத் திசை கிடையாது, வரவும் பற்றும்தான். இரண்டு பேரும் பணம் போட்டால் எப்படிம்மா பூஜ்யமாகும்?"

அவளே போட்டாள். இங்கே வர்க்கம் இல்லை, வெறும் தூரம்தான். ஒவ்வொன்றாலும் 1.8 × 10⁵ வோல்ட், கூட்டினால் 3.6 × 10⁵ வோல்ட்.

"ஒன்றை மைனஸ் ஆக்கினால்?" என்று நான் கேட்கவில்லை, அவள்தான் கேட்டாள். இப்போது வரவும் பற்றும் சரியாகி அழுத்தம் பூஜ்யம். ஆனால் ஒன்று தள்ள, மற்றது இழுக்க, இரண்டும் ஒரே திசை! புலம் மீட்டருக்கு 3.6 × 10⁶ வோல்ட். அப்போது மணி பன்னிரண்டரை. என் மனைவி இரண்டாவது தடவையாகக் காபி கொண்டுவந்தாள்.

மார்ச் வரை தினமும் ஒரு கணக்கு. படம் வரை, அலகை மாற்று, புலத்துக்கு அம்பு போடு, அழுத்தத்துக்குக் குறியோடு கூட்டு. இவ்வளவுதான் எங்கள் முறை. பரீட்சையில் அந்தப் பகுதியில் ஒரு கணக்கையும் அவள் விடவில்லை.

தமிழில் படித்த பெற்றோரே, நமக்குத் தெரிந்தது செல்லாக்காசு அல்ல. மேஜையில் பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள். இப்போதெல்லாம் என் மகள், "அப்பா, மின்னழுத்தம்னு சொன்னா சட்டுனு புரியுது" என்கிறாள். எழுதத்தான் இன்னும் வரவில்லை. இனி அது அவள் அம்மாவின் பாடம்.