பழைய இராணுவக் காட்டுக் காலணி வாங்கப் போகிறீர்களா?

வியட்நாம் போரில் அமெரிக்க வீரர்கள் அணிந்த காட்டுக் காலணிகளை மலையேறுவோர் சிலர் இன்றும் தேடி வாங்குகின்றனர். கீழ்ப்பகுதி கறுப்புத் தோல். மேற்பகுதி பச்சைத் துணி. பாதத்தின் உட்பக்கத்தில் வலையிட்ட இரண்டு சிறு துளைகள் இருக்கும். ஆற்றைக் கடக்கும்போது உள்ளே புகும் நீர் அவற்றின் வழியே வெளியேறும். போலிகள் சிலவற்றில் இவை வெறும் அலங்காரம்தான். ஊசி நுழைகிறதா என்று பாருங்கள்.

அடுத்து, காலணியில் பதித்துள்ள ஒப்பந்த எண்ணைத் தேடுங்கள். ‘டிஎஸ்ஏ 100-68’ என்று தொடங்கினால் அது 1968ஆம் ஆண்டு ஒப்பந்தம். 1977க்குப் பிறகு ‘டிஎல்ஏ’ என்று மாறியது. ‘9 ஆர்’ என்றால் அளவு 9, சாதாரண அகலம். அகலப் பாதத்திற்கு ‘டபிள்யூ’. கூர்முனைப் பொறிகளைத் தடுக்க அடியில் எஃகுத் தகடு வைத்தவையும் உண்டு. காந்தம் வைத்தால் தெரிந்துவிடும்.

ஆனால், அசல் என்பதற்காக மட்டும் அவசரப்பட்டுப் பணம் கொடுக்காதீர்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலான ரப்பர் இறுகிப்போகும், தையலும் இற்றுப்போகும். கடையிலேயே காலணியை நன்றாக வளைத்துப் பாருங்கள். அடிப்பாகத்தில் வெடிப்போ பிளவோ தெரிந்தால் வேண்டாம். அட்டையும் வேரும் நிறைந்த காட்டுப் பாதையில் அடிப்பாகம் கழன்றுவிட்டால், வெறுங்காலுடன்தான் திரும்ப வேண்டியிருக்கும். பழையதைச் சேகரிப்புக்கு வைத்துக்கொண்டு, நடப்பதற்கு அண்மையில் தயாரித்ததை வாங்குவதே பாதுகாப்பு.