ஏழை யாருன்னு ஒரு ஃபார்முலா சொல்லுமா?

மானியம் பத்தி போன எபிசோட்ல பேசினதுக்கு அப்புறம் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. "எல்லாருக்கும் எதுக்குக் கொடுக்கணும்? ஏழைகளுக்கு மட்டும் கொடுத்தா போதாதா?"

நியாயமான கேள்விதான். வளர்ந்து வரும் நாடுகளில் அரசுகிட்ட இருக்கிற பணம் கம்மி. அதைத் தேவைப்படுறவங்களுக்குக் கொடுக்கணும்னு சொல்றதில் தப்பே இல்லை. ஆனா தேவைப்படுறவங்க யாருன்னு அரசுக்கு எப்படித் தெரியும்?

என்னை மாதிரி ஆள் விஷயத்தில் இது ஈஸி. மாசாமாசம் பேஸ்லிப் வருது, கைக்கு வர்றதுக்கு முன்னாடியே வரி பிடிச்சுடறாங்க. ஒரு கொத்தனாருக்கு? பூ கட்டி விக்கிறவங்களுக்கு? தன் நிலத்தில் விளைஞ்சதைத் தானே சாப்பிடுற விவசாயிக்கு? அவங்க வருமானம் எந்த சர்வர்லயும் பதிவாகிறதில்லை. நேரா போய்க் கேட்டாலும், உதவித்தொகை வரப்போகுதுன்னு தெரிஞ்சா யாரு உண்மையைச் சொல்லுவா? நானும் குறைச்சுத்தான் சொல்லுவேன்.

இந்தப் பிரச்னையோட ரொம்ப நாள் மல்லுக்கட்டின நாடு இந்தோனேசியா. அங்க நடந்ததைக் கொஞ்சம் விவரமா பாக்கலாம்.

2005-ல கச்சா எண்ணெய் விலை ஏறினப்போ, பெட்ரோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் கொடுத்த மானியம் இந்தோனேசிய பட்ஜெட்டையே விழுங்க ஆரம்பிச்சது. அக்டோபர்ல அரசு விலையை ஏத்திடுச்சு. லிட்டர் 2,400 ரூபியாவா இருந்த பெட்ரோல் 4,500 ஆச்சு. 700 ரூபியாவா இருந்த மண்ணெண்ணெய் 2,000. பெட்ரோல் மானியத்தில் பெரும்பகுதி வண்டி வெச்சிருக்கிறவங்களுக்குத்தான் போகும், அதனால அதை வெட்டினதுல ஒரு நியாயம் இருந்தது. ஆனா மண்ணெண்ணெய்தான் ஏழை வீட்டு அடுப்பு. அதுக்கு ஈடா ஏழைக் குடும்பங்களுக்கு மாசம் 1 லட்சம் ரூபியா, மூணு மாசத்துக்கு ஒரு தடவை மொத்தமா 3 லட்சம், தபால் நிலையம் வழியா தர்றதா அறிவிச்சாங்க.

இதுக்கு ஒரு லிஸ்ட் வேணும், அதுவும் அவசரமா. புள்ளியியல் துறை ஆட்கள் வீடு வீடா போய் 14 விஷயங்களைப் பார்த்தாங்க. தரை மண்ணா சிமெண்ட்டா, சுவர் எதால கட்டினது, கழிப்பறை இருக்கா, சமைக்க விறகா, வாரம் ஒரு தடவையாவது கறி வாங்குறாங்களா, வருஷத்துக்கு ஒரு புதுத் துணியாவது எடுக்கிறாங்களா... இப்படி. வருமானம் கண்ணுக்குத் தெரியாது, வீடு தெரியும். அதனால வீட்டை வெச்சு வருமானத்தை ஊகிக்கிறாங்க.

மெஷின் லேர்னிங் தொட்டுப் பார்த்தவங்களுக்கு இது பழகின ஏரியா. சில அம்சங்கள், ஒரு மதிப்பெண், ஒரு கட்-ஆஃப். எந்த மாடலா இருந்தாலும் ரெண்டு வகைத் தப்பு வரும். வசதியானவர் உள்ளே வந்துடலாம், ஏழை வெளியே நின்னுடலாம். கட்-ஆஃபை இறுக்கினா முதல் தப்பு குறையும், ரெண்டாவது கூடும். தளர்த்தினா நேர் எதிர். ஸ்பேம் ஃபில்டர்ல ஒரு நல்ல மெயில் மாட்டிக்கிட்டா நாம போய் எடுத்துக்கலாம். இங்க மாட்டிக்கிறது ஒரு குடும்பத்தோட சாப்பாட்டுச் செலவு.

ஒரு உதாரணம் வெச்சுக்கலாம். ஒருத்தங்க வீட்ல கணவர் இருந்தப்போ சிமெண்ட் தரை போட்டாங்க. போன வருஷம் அவர் இறந்துட்டார், வருமானம் நின்னு போச்சு. தரை அப்படியேதான் இருக்கு. ஃபார்முலாவுக்குத் தெரியுறது அந்தத் தரை மட்டும்தான்.

அந்த வருஷம் லிஸ்ட் வெளியானதும் பல ஊர்ல தகராறு. ஜகார்த்தாவில் எடுத்த முடிவுக்கு ஊர்த் தலைவர்கள்தான் திட்டு வாங்கினாங்க. புகார்கள் குவிஞ்சதும் லிஸ்ட்டைப் பெரிசாக்கி, கடைசியில சுமார் 1.9 கோடி குடும்பங்களுக்குப் பணம் போச்சு.

அப்போ ஃபார்முலாவை விட்டுட்டு ஊரையே கேட்டா என்ன? இதை நிஜமாவே சோதிச்சுப் பார்த்திருக்காங்க. வடக்கு சுமத்ரா, தெற்கு சுலவேசி, மத்திய ஜாவா, இந்த மூணு மாகாணங்களில் 640 குக்கிராமங்கள். விவி அலாதாஸ், அபிஜித் பானர்ஜி, ரேமா ஹன்னா, பெஞ்சமின் ஓல்கன் உள்ளிட்ட பொருளாதார ஆய்வாளர்கள் 2012-ல இதோட முடிவுகளை வெளியிட்டாங்க. சில ஊர்ல ஃபார்முலா, சில ஊர்ல ஊர்க்கூட்டம், மீதி ஊர்ல ரெண்டும் கலந்தது. கூட்டம்னா, ஒவ்வொரு குடும்பத்தையும் இன்னொரு குடும்பத்தோட ஒப்பிட்டு, பணக்காரர்ல இருந்து ஏழை வரைக்கும் ஊரையே வரிசைப்படுத்துறது. யோசிச்சுப் பாருங்க, உங்க அபார்ட்மெண்ட்ல இதைச் செஞ்சா அன்னைக்கே அசோசியேஷன் ரெண்டாகிடும்.

குடும்பத்தோட உண்மையான செலவை வெச்சு சரிபார்த்தப்போ ஃபார்முலா 100-க்கு 30 குடும்பங்களைத் தப்பான பக்கம் போட்டிருந்தது. ஊர்க்கூட்டம் 33. அதாவது ஃபார்முலா ஜெயிச்சது, ஆனா நூலிழையில. பெரிய குடும்பங்கள் தங்கள் ஆட்களை உள்ளே தள்ளிடுவாங்கன்னு எதிர்பார்த்தது அந்தச் சோதனையில் பெரிசா நடக்கல. இன்னொரு கண்டுபிடிப்பு எனக்கு ரொம்பப் பிடிச்சது. கூட்டத்தில் முதல்ல எடுத்த குடும்பங்களை நல்லா வரிசைப்படுத்தினாங்க, நேரம் ஆக ஆகத் தப்பு கூடிச்சு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு கோட் ரிவ்யூ பண்ணினவங்களுக்கு இதைத் தனியா விளக்க வேண்டாம்.

ஆனா மக்கள்கிட்ட போய் "திருப்தியா?"ன்னு கேட்டா கதை மாறிடுது. ஊர்க்கூட்டம் நடந்த இடங்களில் திருப்தி ரொம்ப அதிகம், புகார் கம்மி. ஏன்னா ஊருக்கு வறுமைன்னா வேற அர்த்தம். அதே அளவு செலவு செய்யுற ரெண்டு வீட்ல, கணவரை இழந்த பெண் நடத்துற வீட்டை இன்னும் ஏழைன்னு ஊர் சொல்லுது. வெளியூர்ல உதவிக்கு ஆள் இருக்கிற வீட்டைக் கொஞ்சம் தேவலைன்னு சொல்லுது. என்னைக் கேட்டா, அந்த 3 புள்ளி வித்தியாசத்தில் ஒரு பகுதியைத் தப்புன்னே சொல்ல மாட்டேன். செலவுக் கணக்கில் வராத தகவல் அது.

அப்போ எல்லாத்தையும் ஊர்கிட்டயே விட்டுடலாமா? அதுக்கும் இந்தோனேசியாவே பதில் வெச்சிருக்கு. அங்க ராஸ்கின்னு ஒரு மானிய அரிசித் திட்டம் இருந்தது. தகுதியான குடும்பத்துக்கு மாசம் 15 கிலோன்னு கணக்கு. அரிசி மூட்டை ஊருக்கு வந்ததும் பல தலைவர்கள் லிஸ்ட்டை ஓரமா வெச்சுட்டு எல்லாருக்கும் பிரிச்சுக் கொடுத்துட்டாங்க. ஊர்ல சண்டை வராது, சரி. ஆனா ரொம்பக் கஷ்டத்தில் இருக்கிறவங்க கைக்கு 15 கிலோ போகல. வழியிலயே கொஞ்சம் காணாமலும் போச்சு.

அதே ஆய்வாளர்களில் சிலர் சேர்ந்து, 550-க்கும் மேற்பட்ட கிராமங்களில் இதையும் சோதிச்சாங்க. தகுதியானவங்க வீட்டுக்குத் தபால்ல ஒரு கார்டு, "உங்களுக்கு இவ்வளவு உரிமை இருக்கு"ன்னு. அவ்வளவுதான். அவங்களுக்குக் கிடைச்ச மானியம் 26 சதவீதம் கூடிச்சு. தகுதி இல்லாதவங்களுக்குப் போனதும் குறையல. அப்போ கூடுதல் அரிசி எங்கிருந்து வந்தது? நடுவுல கசிஞ்சதுல இருந்துதான். கையில் கார்டு இருந்ததால தலைவர்கிட்ட போய்ப் பேரம் பேச முடிஞ்சது.

2017-ல இருந்து அரிசி மூட்டைக்குப் பதிலா மின்னணு வவுச்சர் கொண்டுவந்தாங்க. இதைத் தலைவர் பிரிச்சுக் கொடுக்க முடியாது, நேரா குடும்பத்தோட கணக்குக்குப் போயிடும். லிஸ்ட்ல இருந்தவங்களுக்கு மொத்தத்தில் 46 சதவீதம் அதிகம் கிடைச்சது. அடிமட்ட 15 சதவீதக் குடும்பங்களில் வறுமை 20 சதவீதம் குறைஞ்சது. பெரிய விஷயம். ஆனா லிஸ்ட்ல விட்டுப்போன ஏழைக்கு முன்னாடி ஊர் பிரிச்சுக் கொடுத்த அந்த ரெண்டு மூணு கிலோவுக்கும் இப்ப வழி இல்லை. சிஸ்டம் துல்லியமா ஆக ஆக, சிஸ்டத்துக்கு வெளியே இருக்கிறவங்களுக்கு இடுக்கு குறைஞ்சுகிட்டே போகுது.

நம்ம ஊர் ரேஷன் இந்தச் சிக்கலை வேற மாதிரி தாண்டிச்சு. 1997-ல மத்திய அரசு ரேஷனை வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலேன்னு பிரிச்சப்போ தமிழ்நாடு பிரிக்கல. யார் வேணும்னாலும் அரிசி அட்டை வாங்கலாம். வேண்டாம்னா சர்க்கரை அட்டை, அதுவும் வேண்டாம்னா பொருளில்லா அட்டை. வரிசையில் நிக்க விருப்பமில்லாதவங்க அவங்களாவே விலகிடறாங்க. இதுக்குக் காசு அதிகம் ஆகும், வசதியானவங்களும் அரிசி வாங்குவாங்க. அரிசி மாதிரி அடிப்படை விஷயத்துக்கு அந்தச் செலவு தகும்னுதான் எனக்குத் தோணுது.

ஆனா மாசாமாசம் பணமாவே கொடுக்கணும்னு வரும்போது தமிழ்நாடும் கோடு போட்டது. 2023 செப்டம்பர்ல மகளிர் உரிமைத் தொகை ஆரம்பிச்சப்போ சுமார் 1.63 கோடி பேர் விண்ணப்பிச்சு, 1.06 கோடி பேருக்கு மாசம் 1,000 ரூபாய் கிடைச்சது. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 2.5 லட்சத்துக்குள்ள, மின்சாரம் 3,600 யூனிட்டுக்குள்ளன்னு நிபந்தனைகள். அந்த யூனிட் கணக்கு இருக்கே, அது இந்தோனேசியாவோட சிமெண்ட் தரைக்கு ஒண்ணுவிட்ட தம்பி. ஒரே மீட்டர்ல மூணு குடித்தனம் இருந்தா என்ன ஆகும்?

நிராகரிச்சவங்களுக்குக் காரணத்தோட குறுஞ்செய்தி போச்சு, கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்ய 30 நாள் அவகாசம் இருந்தது. மாடலை எவ்வளவு திருத்தினாலும் அது தப்பு பண்ணும்ங்கிறதால, எனக்கு இந்தப் பகுதி மேலதான் கண்ணு. ஒரு திட்டம் வரும்போது நிபந்தனை என்னன்னு எல்லாரும் கேக்கிறோம். மேல்முறையீட்டை விசாரிக்க எத்தனை ஆள், எத்தனை நாள்னு யாரும் கேக்கிறதில்லை.

உங்க வீட்லயோ பக்கத்து வீட்லயோ யாராவது அப்படி மேல்முறையீடு செஞ்சிருந்தா, என்ன காரணம் சொல்லி நிராகரிச்சாங்க, பதில் வர எத்தனை நாள் ஆச்சுன்னு எழுதி அனுப்புங்க. பேர் வேண்டாம், மாவட்டம் மட்டும் போதும். அடுத்த எபிசோட்ல அதை வெச்சுப் பேசலாம்.